எரிக்கச் சொன்ன சீட்டு

ஏலாக்குறிச்சி
5-3-79, திங்கட்கிழமை

அண்ணனுக்கு,

இரண்டு வருஷமாக ஒரு கார்டுகூடப் போடாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். அம்மா காரியத்தில் உங்கள் மேல் எனக்கு இருந்த கோபம் அப்படியேதான் இருக்கிறது. அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுதுகிறேன்.

நேற்று பூசை முடிந்து வந்ததும் ரோசலியை நாய் கடித்துவிட்டது. பக்கத்து வீட்டு வீரமுத்துவின் செவலை நாய். தினமும் அதற்குச் சோறு வைப்பவளே இவள்தான். கொஞ்சுவதற்குக் குனிந்தவளைக் கன்னத்தில் கவ்விவிட்டது. இரண்டு பல் நன்றாகப் பதிந்திருக்கிறது. நான் சோப்புப் போட்டுக் கழுவினேன். மாமியார் அதன் மேல் சுண்ணாம்பைத் தடவினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்று காலை பஸ்ஸில் அரியலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பார்த்ததுமே, "மூஞ்சில கடிச்சிருக்கும்மா, யோசிக்க நேரமில்ல. தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி, தெனம் ஒண்ணு. இன்னிக்கே ஆரம்பிச்சிடணும். நாயக் கட்டிப் போட்டுப் பாருங்க. பத்து நாள் நல்லா இருந்துச்சுன்னா நிறுத்திக்கலாம்" என்றார். வாரம் முழுக்க அங்கேயே சுண்ணாம்புக்கல் குவாரியில் தங்கி வேலை பார்க்கும் உங்கள் மாப்பிள்ளைக்கு ஆள் அனுப்பினேன். வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தவர், ஊசி என்றதும் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவரோடு கல் உடைக்கும் மீன்சுருட்டி ஊர்க்காரர் ஒருவருடைய மகனுக்கு இந்த ஊசி போட்டு, இரண்டு காலும் விழுந்துவிட்டதாம். "நாய் நல்லாத்தானே திங்குது, பொறுத்துப் பாப்போம், விண்ணு" என்று எங்களைப் பஸ் ஏற்றிவிட்டார். நானும் ஏறி வந்துவிட்டேன். அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

டாக்டரைக் கேட்டேன். கால் விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கு, அதற்கும் குறைவு என்றார். நாய்க்கு வெறி இருந்து ஊசி போடாமல் விட்டால் பிழைப்பு கிடையாது என்றார். அந்த ஒருவர் என் பிள்ளையாக இருந்தால் என்ன செய்வது, அண்ணா?

நீங்கள் படித்தவர். வாத்தியார் சொன்னார் என்றால் மாமியாரும் கேட்பார், அவரும் கேட்பார். ஊசி போடவா, வேண்டாமா? ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள். புத்திமதி வேண்டாம்.

விண்ணரசி


சேசு மரி சூசை

அரும்பாவூர்
7-3-79

அன்புத் தங்கை விண்ணரசிக்கு,

உன் கடிதம் இன்று பள்ளிக்கூடத்துக்கே வந்தது. ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். படித்ததும் பாதிக் கணக்கோடு நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போனேன். பிள்ளைகள் என்ன கூத்தடித்தார்களோ தெரியாது.

ஒரு வார்த்தை கேட்கிறாய். நான் யார் அம்மா அதைச் சொல்ல? டாக்டர் ஒன்று சொல்கிறார், மாப்பிள்ளை ஒன்று சொல்கிறார். போட்டுக் கால் விழுந்தாலும் பழி, போடாமல் விஷம் ஏறினாலும் பழி. மனுஷன் தாங்குகிற பழியா இது? நம் வீட்டில் பெரிய காரியம் எதையும் நாம் நம் இஷ்டத்துக்கு முடிவு செய்ததில்லை. அப்பா காலத்திலிருந்து திருவுளச் சீட்டுத்தான்.

இத்துடன் இரண்டு சீட்டு மடித்து வைத்திருக்கிறேன். ஒன்றில் 'போடு', மற்றதில் 'போடவேண்டாம்'. பீடத்தின் மேல் வைத்து மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லியிருக்கிறேன். மாதா படத்துக்கு முன்னால் ரோசலியையே ஒன்றை எடுக்கச் சொல். வந்ததற்கு எல்லாரும் கட்டுப்பட வேண்டும். மாப்பிள்ளைக்கும் அவருடைய தாயாருக்கும் நான் சொன்னதாகச் சொல். கடிதம் கிடைத்த அன்றைக்கே எடு, ஒரு நாள்கூடத் தள்ளாதே. எடுக்காத சீட்டை வழக்கம்போலப் பிரிக்காமல் மெழுகுவத்தியில் எரித்துவிடு.

குழந்தைக்காக இங்கே எல்லோரும் செபிக்கிறோம். திருவுளமானால் எல்லாம் நல்லபடி முடியும்.

உன் அண்ணன்
செல்வநாதன்


ஏலாக்குறிச்சி
9-3-79, வெள்ளி

அண்ணனுக்கு,

ஒரு வார்த்தை கேட்டேன். இரண்டு சீட்டு அனுப்பினீர்கள். கவரைப் பிரித்ததும் அவை என் மடியில் விழுந்தன. அப்படியே அடுப்பில் போட்டுவிடலாம் என்று வந்தது.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று சொன்னபோது, திருச்சிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்யலாம் என்று நான் உங்கள் காலைப் பிடித்தேன். அன்றைக்கும் சீட்டுத்தான் போட்டீர்கள். 'வேண்டாம்' என்று வந்தது. கட்டி அந்தச் சீட்டைப் படித்துவிட்டா வளராமல் இருந்தது? ஐம்பது நாளில் அம்மா போய்விட்டார். அதற்குப் பிறகும் எனக்குச் சீட்டு அனுப்ப உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

ஆனாலும் எடுத்தோம். காரணம் நாய். புதன்கிழமை விடியலில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. வீரமுத்து வெங்கனூர் வரை தேடிவிட்டார். இனி பத்து நாள் பார்ப்பதற்கு நாயே இல்லை. மாமியாரும் பயந்துவிட்டார். சீட்டைப் பார்த்ததும் அவர்தான் ஓடிப்போய் விளக்கு ஏற்றினார். "ஒங்கண்ணன் சாமி மாரி, சரியாத்தான் செஞ்சிருக்காரு" என்று உங்களுக்குப் புகழ் மாலை வேறு. ரோசலி எடுத்தாள். 'போடு' என்று இருந்தது.

அடுத்த பஸ்ஸுக்கே போனோம். இன்று முதலாவது ஊசி. சீட்டைக் காட்டியதும் உங்கள் மாப்பிள்ளை, "திருவுளம்னா சரி" என்றார். அவ்வளவுதான். டாக்டர் சொல்லி ஏறாதது, நான் அழுது ஏறாதது, ஒரு துண்டுக் காகிதம் சொல்லி ஏறிவிட்டது. நாலைந்து நாளை வீணாக்கிவிட்டோமே என்று டாக்டரிடம் திட்டு வாங்கியது நான்தான்.

அவசரத்தில் மற்றச் சீட்டை எரிக்கவில்லை. ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது.

விண்ணரசி


சேசு மரி சூசை

அரும்பாவூர்
12-3-79

அன்புள்ள விண்ணரசி,

உன் கடிதம் கண்டு உயிர் வந்தது. பதினாலு ஊசியையும் முழுசாகப் போட வேண்டும். யார் எது சொன்னாலும் நடுவில் நிறுத்தாதே. அம்மாவைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

அந்த இன்னொரு சீட்டை எரித்துவிடு. எடுக்காத சீட்டை வைத்திருப்பது நல்லதல்ல, அது சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும். பிரிக்காமல் எரி. உடனே செய்.

பரீட்சை வேலை அதிகம். திருவுளமானால் ஊசி முடிந்ததும் வந்து பார்க்கிறேன்.

செல்வநாதன்


ஏலாக்குறிச்சி
15-3-79, வியாழன்

அண்ணனுக்கு,

நேற்று ஆறாவது ஊசி. திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் ரோசலி, "கால் மரத்துப்போச்சும்மா, நடக்க வரல" என்று உட்கார்ந்துவிட்டாள். மதியச் சோற்றுக்கு வந்திருந்த உங்கள் மாப்பிள்ளை அங்கேயே, "சொன்னேன்ல, சொன்னேன்ல!" என்று கத்தினார். கூட்டம் கூடிவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் முட்டியில் தட்டிப் பார்த்தார், நடக்க விட்டுப் பார்த்தார். "இது அது மாரி தெரியலம்மா. பயத்துல ஒடம்ப இறுக்கிக்கிட்டு உக்காந்திருக்கா. காய்ச்சல் வந்தாலோ, ஒண்ணுக்குப் போக முடியலன்னாலோ ஒடனே வாங்க. ஊசிய நிறுத்தச் சொல்லி நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

உங்கள் மாப்பிள்ளை குவாரிக்குத் திரும்பாமல் எங்களோடு வீட்டுக்கே வந்துவிட்டார். சாயந்திரம் முழுக்கச் சண்டை. கடைசியில், "இன்னொரு சீட்டு இருக்குல்ல? ரெண்டையும் குலுக்கி மறுபடியும் போடு. நிறுத்தவா வேணாமான்னு அதுவே சொல்லட்டும்" என்றார். மாமியாரும் அதுதான் நியாயம் என்றார்.

ஜெபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். எடுக்காத சீட்டைப் பிரித்தேன். பிரிக்கக் கூடாதுதான். நீங்கள் இரண்டு தடவை எழுதியிருந்தீர்கள், எரி எரி என்று. அதனால்தான் பிரித்தேன்.

'போடு.'

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே நோட்டுத் தாள், உங்கள் கையெழுத்து, ஒரே வார்த்தை.

வெளியே வந்தேன். இரண்டையும் குலுக்கிப் போட்டிருந்தால் அதுவும் 'போடு' என்றுதான் வந்திருக்கும். யார் வாயையும் மூடியிருக்கலாம். எனக்கு அது அருவருப்பாக இருந்தது. "சீட்டு கெடையாது. நான் சொல்றேன், நாளைக்கும் ஊசி போடணும். கால் போனா நான் தூக்கிச் சொமக்கிறேன், புள்ளையே போனா யாரத் தூக்குவீங்க?" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் முன்னால் நான் குரலை உயர்த்தியது இதுதான் முதல் தடவை. அவர் எழுந்து வெளியே போய்விட்டார். இன்று ஏழாவது ஊசி போட்டாயிற்று. கால் இன்னும் சரியாகவில்லை. தப்பாகப் போனால் அதற்கு நான்தான் பொறுப்பு, திருவுளம் இல்லை.

இப்போது எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். 1968-ல் எனக்குப் பத்தொன்பது வயசு. டீச்சர் டிரெயினிங்கில் இடம் கிடைத்து, வந்து சேரச் சொல்லிக் கார்டு வந்திருந்தது. 'படிப்பு' என்று ஒன்று, 'கல்யாணம்' என்று ஒன்று, இரண்டு சீட்டு எழுதிவைத்து என்னை எடுக்கச் சொன்னீர்கள். 'கல்யாணம்' என்று வந்தது. கர்த்தருக்கே நான் டீச்சராவது பிடிக்கவில்லை என்று நினைத்து, அந்தக் கார்டை நானே கிழித்தேன். மற்றச் சீட்டை நான் தொடுவதற்குள் நீங்கள் மெழுகுவத்தியில் காட்டிவிட்டீர்கள். உங்கள் விரல் சுட்டது. அம்மா அதற்கு இங்க் தடவினார்.

அந்த எரிந்த சீட்டில் என்ன எழுதியிருந்தது?

விண்ணரசி


சேசு மரி சூசை

அரும்பாவூர்
18-3-79, ஞாயிறு

அன்புள்ள விண்ணரசி,

ரோசலியின் கால் எப்படி இருக்கிறது? அதை முதலில் எழுது. இங்கே எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

ஆம், இரண்டிலும் 'போடு' என்றுதான் எழுதினேன். தப்புத்தான். ஆனால் யோசித்துப் பார். 'ஊசி போடு' என்று நான் வெறுமனே எழுதியிருந்தால் மாப்பிள்ளை கேட்டிருப்பாரா? மாமியார் கேட்டிருப்பாரா? நீயே அம்மா காரியத்தில் என்னை வெறுத்துக் கிடக்கிறாய். குழந்தை உயிரை வைத்துக்கொண்டு நியாயம் பார்க்க முடியுமா? நோயாளிக்கு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதில்லையா?

மற்றபடி பழைய கதையை இப்போது கிளறி என்ன ஆகப்போகிறது? உனக்கு நல்ல புருஷன் அமைந்திருக்கிறார், தங்கமான குழந்தை இருக்கிறாள். ஊசி முடியட்டும். திருவுளமானால் நேரில் பேசிக்கொள்வோம்.

செல்வநாதன்


ஏலாக்குறிச்சி
20-3-79

அண்ணனுக்கு. கால் சரியாகிவிட்டது. நேற்று நொண்டி விளையாடினாள். பன்னிரண்டு ஊசி ஆயிற்று.

கேட்டதற்குப் பதில் வரவில்லை. வேண்டுமென்றேதான் இதைக் கார்டில் எழுதுகிறேன். அடுத்ததையும் கார்டில்தான் எழுதுவேன், இன்னும் விவரமாக. உங்கள் ஊர்த் தபால்காரர் படிக்கட்டும், ஹெட்மாஸ்டர் படிக்கட்டும். என்ன எழுதியிருந்தது?

விண்ணரசி


அரும்பாவூர்
23-3-79

விண்ணரசி,

கார்டை ஹெட்மாஸ்டர்தான் என் கையில் கொடுத்தார். படித்தாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை.

'கல்யாணம்' என்றுதான் எழுதியிருந்தது. இரண்டிலும்.

உன் அண்ணியின் வீட்டில் அப்போது கெடு வைத்திருந்தார்கள். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்தால்தான் பெண், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். நீ டிரெயினிங்குக்குப் போனால் இரண்டு வருஷம். அதுவரை அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். எனக்கு அவளைத்தான் கட்ட வேண்டும் என்று இருந்தது. அப்பா இல்லாத வீட்டில் நான் சொன்னால் நீ கேட்டிருப்பாய். ஆனால் உன் முகத்தைப் பார்த்து, 'படிக்கப் போகாதே, எனக்காக' என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தக் கார்டை நீ தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியது எனக்குத் தெரியும். அதனால் என் ஆசையை எழுதி மடித்து, கடவுள் கையில் கொடுத்தது மாதிரி உன்னிடம் கொடுத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் போட்ட சீட்டில் நான் சூது செய்யவில்லை. உனக்குச் செய்த பாவம் உறுத்திக்கொண்டே இருந்தது. இதையாவது நேர்மையாகச் செய்வோம் என்று, ஒன்றில் 'ஆபரேஷன்', ஒன்றில் 'வேண்டாம்' என்று சரியாக எழுதினேன். டாக்டர் ஆபரேஷன் செய்யலாம் என்றுதான் சொன்னார். எனக்கும் மனசுக்குள் அதுதான் சரி என்று பட்டது. ஆனாலும் சீட்டுக்குக் கட்டுப்பட்டேன். விண்ணரசி, நான் சூது செய்ததில் நீ படிப்பை இழந்தாய். நேர்மையாகச் செய்ததில் அம்மாவையே இழந்தோம். ரோசலிக்கு எழுத உட்கார்ந்தபோது இரண்டாவது தாளில் 'போடவேண்டாம்' என்று எழுதக் கை போகவில்லை. அதுதான் நடந்தது.

மாப்பிள்ளை குடிக்காதவர், உன்மேல் கை ஓங்காதவர். ஒன்றும் கெட்டுப்போகவில்லையே என்று இத்தனை வருஷமும் அதைச் சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான்.

செல்வநாதன்


ஏலாக்குறிச்சி
1-4-79, ஞாயிறு

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. நாலு தடவை எழுத உட்கார்ந்து கிழித்தேன். முதலில் எழுதியதையெல்லாம் நீங்கள் படித்திருந்தால் தாங்கியிருக்க மாட்டீர்கள். மெய்யான கோபத்தோடு எழுதியிருந்தேன்.

நேற்று செவலை திரும்பி வந்துவிட்டது. கொள்ளிடக் கரையில் ஆட்டுக்கிடை போட்டிருந்தவர்கள் பின்னாலேயே போய் அங்கேயே தின்று திரிந்திருக்கிறது. கொழுத்துப்போய் வீரமுத்து வீட்டு வாசலில் வாலாட்டிக்கொண்டு நின்றது. அதற்கு வெறியும் இல்லை, ஒன்றும் இல்லை. தெருவே சிரித்தது. மாமியார், "பதினாலு ஊசியும் வீணாப் போச்சேடி, பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டார். வாரக் கடைசிக்கு வந்திருந்த உங்கள் மாப்பிள்ளை, "பொறுத்துப் பாப்போம்னு நான் அப்பவே சொன்னேன். புள்ள வயித்தச் சல்லடையாக்குனதுதான் மிச்சம்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளைக்கு இன்னொரு நாய் கடிச்சாலும் கூட்டிட்டுப் போவேன். அதும் அன்னிக்கே போவேன், நாலு நாள் ஒக்காந்திருக்க மாட்டேன்" என்றேன். "நாய்தான் நல்லா இருக்கே?" என்றார். "நல்லா இருக்குன்னு ஒங்களுக்கு இப்பத்தானே தெரியும்? அன்னிக்குத் தெரியுமா?" என்றேன். அவர் ரோசலியைக் கூப்பிட்டு வயிற்றில் இருந்த வீக்கங்களைத் தடவிக்கொடுத்தார்.

அதைச் சொன்ன பிறகுதான் உங்களுக்கு என்ன எழுத வேண்டும் என்று எனக்குப் பிடிபட்டது. நாய் நல்லபடியாகத் திரும்பி வந்ததால், நான் ஊசி போட்டது தப்பாகிவிடாது. அதே மாதிரிதான் அண்ணா, நான் நல்லபடியாகப் பிழைத்துக்கொண்டதால், நீங்கள் செய்தது சரியாகிவிடாது. அவர் நல்லவராக அமைந்தது என் அதிர்ஷ்டம். அதை எடுத்து உங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

'எனக்காகப் படிக்கப் போகாதே' என்று நீங்கள் கேட்டிருந்தால் நான் போகாமல் இருந்திருப்பேன். அழுதிருப்பேன், ஆனால் உங்களுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று இருந்திருக்கும். அது என்னுடையதாக இருந்திருக்கும். நீங்களோ கடவுளே என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகப் பதினொரு வருஷம் நினைக்க வைத்தீர்கள். இதை மன்னிக்கிறேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஒருநாள் வரலாம்.

அம்மா விஷயத்தில் மட்டும் உங்கள் மேல் இருந்த கோபம் குறைந்திருக்கிறது. நீங்களும் என்னைப் போல, தெரிந்த ஒன்றைச் சொல்ல வாய் வராமல் நின்றிருக்கிறீர்கள். சுண்ணாம்பு வேண்டாம் என்று நான் சொன்னேனா?

திருமானூரில் பால்வாடிக்கு ஆள் எடுக்கிறார்களாம். மனு கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் வீட்டில் சொன்னேன். கிடைக்குமோ, கிடைக்காதோ.

ஏப்ரல் 22, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ரோசலிக்கு முதல் நற்கருணை, புதுநன்மை. தாய்மாமன் வர வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடிக்கிறாள். நான் கூப்பிடுகிறேனா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை, ஆனாலும் கூப்பிடுகிறேன். வருகிறேன் என்று எழுதினாலும் சரி, வர முகமில்லை என்று எழுதினாலும் சரி. 'திருவுளமானால்' என்று மட்டும் எழுதாதீர்கள்.

விண்ணரசி


அரும்பாவூர்
9-4-79

விண்ணரசிக்கு. கார்டிலேயே எழுதுகிறேன், யார் படித்தாலும் படிக்கட்டும்.

21-ம் தேதி சனிக்கிழமை சாயந்திரம் பஸ்ஸுக்கு வந்துவிடுகிறேன். உன் அண்ணி வேண்டாம் என்கிறாள், உன் முகத்தில் எப்படி விழிப்பது என்கிறாள். எனக்கும் பயம்தான். நான் வருகிறேன்.

மேலே ஓர் இடத்தில் ஒரு வார்த்தை எழுதி, இங்க் கொட்டி அடித்திருக்கிறேன். பழக்கம். அதைப் படிக்க முயற்சி செய்யாதே.

செல்வநாதன்